புதுப்பிப்பு: ப்ளூ டேங் மீனின் வெள்ளைப் புள்ளி நோய் போய்விட்டது

என் ப்ளூ டேங் (நீல நிறக் கடல்மீன்) உடம்பில் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது தொட்டி மாற்றும் முறைதான். மருந்தே போடவில்லை. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்துக்கொண்டு, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனைப் புது உப்புநீருக்கு மாற்றினேன். மொத்தம் நான்கு முறை. காலியான தொட்டி, ஹீட்டர், ஏர் ஸ்டோன் (காற்றுக்குமிழி விடும் கல்) எல்லாவற்றையும் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி எடுத்தேன்.

எதிர்பாராதது ஒன்று. இரண்டாம் நாளே புள்ளிகள் மறைந்துவிட்டன. அத்தோடு நிறுத்திவிடாதீர்கள்! இந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, அடியில் கூடு கட்டிப் பெருகி மறுபடி ஏறும். அதனால் பவளம் இருக்கும் பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட்டிருக்கிறேன். இன்னும் 50 நாள் பாக்கி.

இன்று காலை மீன் நோரித் துண்டை (காய்ந்த கடற்பாசி) என் விரலிலிருந்தே பிடுங்கித் தின்றது.