ஹனோயில் ஒரு காலை மட்டும்: டோங் ஹோ அச்சுப்படங்கள், பக்கத்தில் ஒரு பழைய புத்தர் கோயில் – போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பொள்ளாச்சி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டுக்காரர் தென்னை நார் வியாபார விஷயமாக ஹனோய் போகிறார். கூடவே நானும், ஏழாவது படிக்கிற மகளும், அத்தையும் கிளம்புகிறோம். ஹாலோங் வளைகுடாவுக்கு ஒரு நாள் போய்விடும். அதுபோக எங்களுக்கென்று கையில் இருப்பது ஒரு காலைப் பொழுதுதான். மதியம் ஒன்றரைக்குள் ஓட்டலுக்குத் திரும்பியாக வேண்டும்.

டோங் ஹோ என்ற ஊரில் மரக்கட்டையில் செதுக்கிப் படம் அச்சடிக்கிறார்கள் என்று படித்தேன். பிள்ளைகளுக்கு வெண்டைக்காயை வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சு வைக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் நான், அதனால் மனசு அங்கேயே நிற்கிறது. ஆனால் பாட் சாங் பானை ஊர்தான் பக்கம், அங்கே போனால் போதும் என்று பயண ஏஜென்ட் சொல்கிறார். டோங் ஹோவில் நிஜமாகவே வேலை நடக்கிறதா, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கிறார்களா? அத்தைக்கு ஒரு கோயிலாவது பார்க்க வேண்டும். அவருக்கு முட்டிவலி வேறு, சுத்த சைவம். என்ன செய்யலாம்?

திருப்பூர் அச்சுமேசை:

டீச்சர், டோங் ஹோவுக்கே போங்கள். திருப்பூரில் டேபிள் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். துணியில் கலர் போடுவதுதான் பிழைப்பு. அந்த ஊரையும் அச்சுக்காரனாகத்தான் பார்த்தேன், அப்படியே எழுதுகிறேன்.

ஹனோய்க்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, டுவாங் ஆற்றின் தென்கரையில், பாக் நின் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே அடிக்கிற படங்கள் அவர்களுடைய புத்தாண்டான டெட் பண்டிகைக்கு வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கானவை. பழசைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுவார்கள். அவர்கள் கணக்கில் வருஷத்தின் கடைசி மாதத்தில் ஊர்ப் பொதுக் கூடத்தில் படச் சந்தையே கூடுமாம், ஐந்து நாளுக்கு ஒரு தடவை.

முதலில் தாளைப் பாருங்கள். ஸோ என்ற மரத்தின் பட்டையில் செய்த காகிதம் அது. கடல் சிப்பியை மாவாக இடித்து, ஒட்டுகிற ரக அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் கலந்து, பைன் ஊசி இலைகளைச் சேர்த்துக் கட்டிய பட்டைத் தூரிகையால் தாள் மேல் இழுக்கிறார்கள். காய்ந்ததும் தாளைச் சாய்த்துப் பிடித்தால் மினுமினு என்று இருக்கும், ஊசி இலை போன தடம் கோடு கோடாகத் தெரியும். இந்த மினுமினுப்புக்காக எங்கள் பட்டறையில் டப்பாவில் வருகிற பேர்ல் பேஸ்ட்டைத்தான் கலக்குவோம். சிப்பியில் வருகிற வெளிச்சம் அதில் வராது. அது அடங்கிய வெளிச்சம், கண்ணைக் குத்தாது.

கலர் எல்லாம் அக்கம்பக்கத்தில் கிடைப்பதுதான். மூங்கில் இலையை எரித்த கரியை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டால் கறுப்பு. மலையில் எடுக்கிற செந்நிறச் சரளைக்கல்லை அரைத்தால் சிவப்பு. ஹோவே மரத்தின் பூமொட்டு மஞ்சள், அவுரி வகைச் சாயம் நீலம், வெள்ளைக்கு அதே சிப்பி. கலரைத் தாளில் பிடிக்கவைக்கிற பைண்டர் என்று தனியாக எதுவும் கிடையாது, அந்த அரிசிக் கஞ்சியேதான்.

அச்சடிக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கலருக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு கட்டையின் முதுகிலும் கைப்பிடி. கலர் தடவிய பலகையில் கட்டையைத் தட்டி எடுத்து, தாள் மேல் சீல் குத்துகிற மாதிரி அழுத்துகிறார்கள். அப்புறம் தாள் ஒட்டியபடியே கட்டையைத் திருப்பி மடியில் வைத்து, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தாளின் முதுகைத் தேய்க்கிறார்கள். அதிகம் அழுத்தினால் கலர் கோட்டைத் தாண்டிப் பரவிவிடும், லேசாக விட்டால் நடுவில் சொட்டை விழும். நான் பார்த்த அம்மாள் தேய்க்கும்போது தாளையே கவனிக்கவில்லை, என்னிடம் பேசிக்கொண்டே கையை ஓட்டினார். தாளை ஓரத்தில் பிடித்து உரித்துக் காயப்போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். ஒரு கலர் காய்ந்த பிறகுதான் அடுத்த கலர்.

கறுப்புக் கோடு கடைசியில்தான் விழுகிறது. அதுவரை வெறும் சிவப்புத் திட்டு, மஞ்சள் திட்டு. கறுப்புக் கட்டையைத் தூக்கியதும் தாய்ப்பன்றியும் குட்டிகளும் கண்ணும் காதுமாகத் தெரிகின்றன. எங்கள் மேசையிலும் அவுட்லைன் ஸ்கிரீனை, அதாவது கோட்டுக்கான வலைச்சட்டத்தை, கடைசியில்தான் போடுவோம், கலர் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் அந்தக் கோடு மூடிவிடும். எங்களுக்கு ஸ்கிரீன் நிற்க ரெயில் இருக்கிறது, ஸ்டாப்பர் இருக்கிறது. அங்கே கையும் கண்ணும்தான். இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தும் கலர் மேல் கலர் சரியாகப் பொருந்துகிற அந்த ரெஜிஸ்டரைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது.

நீங்கள் கேட்டதற்கு நேரடியாக வருகிறேன். வேலை நிஜமாக நடக்கிறது, ஆனால் மிகச் சில வீடுகளில். ஊரில் பெரும்பாலோர் செத்தவர்களுக்காக எரிக்கிற காகிதச் சாமான் செய்யப் போய்விட்டார்கள். தெருவெல்லாம் காகித வீடு, காகித வண்டி, காகித உடுப்பு. படத்தை விடாமல் வைத்திருக்கிற குடும்பங்களில் நுயென் டாங் சே குடும்பமும் நுயென் ஹூ சாம் குடும்பமும் பெயர் பெற்றவை. தயவுசெய்து அங்கேயே வாங்குங்கள். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிற படங்களில் மில் தாளும் கெமிக்கல் கலரும் கலந்து வரும். தாளைச் சாய்த்துப் பாருங்கள், ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பட்டைத் தாள் என்றால் நார் நாராக நிற்கும். விலை கொஞ்சம் கூடத்தான், பேரம் பேசாதீர்கள். ஒரு படத்துக்குள் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொள்ளாச்சிக்காரர் நீங்கள், தேங்காய்ப் படத்தை விட்டுவிட்டு வரக்கூடாது. ஆள் மரத்தின் மேலிருந்து காயைப் போட, கீழே ஒரு பெண் பாவாடையை விரித்துப் பிடிக்கிறாள். மகளுக்கு எலிக் கல்யாணம் பிடிக்கும். ஊர்வலம் நல்லபடியாகப் போக வேண்டுமே என்று எலிகள் பூனைக்குப் பறவையும் மீனும் காணிக்கை கொண்டுபோகிற படம்.

பாட் சாங்கையும் இதோடு சேர்க்காதீர்கள். ஒரு காலையில் இரண்டு தொழிலைப் பார்த்தால் இரண்டும் மனசில் நிற்காது.

ஹனோயில் ஒரு கரூர்க்காரன்:

அக்கா, அண்ணன் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். கோயிலுக்கு புட் தாப் போங்கள், டோங் ஹோவிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான், அதே ஆற்றங்கரை. பதிமூன்றாம் நூற்றாண்டில் தொடங்கியது என்பார்கள். இப்போது நாம் பார்க்கிற உருவம் 1640களில் அரசி சின் தி ங்கோக் சுக் ஆதரவில் கட்டியது. சீனாவிலிருந்து வந்து அங்கே தலைமைத் துறவியாக இருந்தவருக்கு 1647ல் எழுப்பிய கல் கோபுரம் 13 மீட்டர் உயரம், எட்டுப் பட்டை, ஐந்து அடுக்கு. டு டக் என்ற அரசர் 1876ல் வந்தபோது கோபுரம் எழுதுகோல் மாதிரி நிற்கிறதைப் பார்த்து வைத்த பெயர்தான் புட் தாப்.

உள்ளே ஆயிரம் கை, ஆயிரம் கண் அவலோகிதேஸ்வரர், கருணையின் போதிசத்துவர். 1656ல் செய்த மரச்சிலை, அரக்குப் பூசிப் பொன் ஏற்றியது. பெரிய கைகள் 42, அவற்றுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சின்னக் கைகள் வட்டமாக விரிகின்றன, ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண். செதுக்கியவர் சுவாங் என்ற குடும்பப் பெயர்க்காரர். அந்தக் காலச் சிற்பத்தில் ஆள் பெயர் தெரிவதே அபூர்வம். 2012ல் இதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். நேர் முன்னால் நின்றுவிட்டு நகராதீர்கள், பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். கைகள் எப்படி அடுக்கடுக்காகப் போகின்றன என்பது அங்கிருந்துதான் புரியும். பின்பக்கம் ஒரு சின்னக் கல் பாலம் தாண்டினால் ஒன்பது அடுக்குத் தாமரைக் கோபுரம் இருக்கிறது, மரத்தில் செய்தது, அச்சில் சுழலும்.

அத்தைக்கு: ஏறுகிற வேலை அதிகம் இல்லை, எல்லாம் தரைமட்டம். மண்டபங்களின் நிலைப்படி மட்டும் உயரம், கையைப் பிடித்துத் தாண்டவைத்தால் போதும். தோளும் முட்டியும் மூடிய உடை. கருவறைப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

வண்டிக்கு கிராப் செயலியில் ஒரு வழி மட்டும் எடுத்தால் திரும்பி வர வண்டி கிடைப்பது சிரமம். ஓட்டலில் சொல்லி அரை நாளுக்கு காத்திருக்கிற கார் பேசிக்கொள்ளுங்கள். ஒரு முக்கியமான விஷயம். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்து மாவட்ட அமைப்பையே எடுத்துவிட்டார்கள். பழைய முகவரிகளில் துவான் தான் மாவட்டம் என்று இருக்கும், மேப்பில் வேறு மாதிரி காட்டும். ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் வியட்நாமிய எழுத்திலேயே போனில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ‘சாய்’ என்று கேளுங்கள், சைவம். அமாவாசை, பௌர்ணமி என்றால் அங்கேயும் நிறையப் பேர் சைவம்தான், கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். மற்ற நாளில் மீன் சாறு எதிலும் கலந்திருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டோங் ஹோ பக்கம் சைவ ஓட்டலை நம்பிப் போக வேண்டாம். அத்தைக்குப் பழமும் ஏதாவது கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும்.

பொள்ளாச்சி டீச்சர்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பாட் சாங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எலிக் கல்யாணத்தைப் பற்றி மகளிடம் சொன்னேன், இப்போதே நோட்டில் எலி வரைந்துகொண்டிருக்கிறாள்.

அச்சுமேசை அண்ணா, மகளை அச்சடிக்க விடுவார்களா? வாங்குகிற படங்களை மடிக்காமல் எப்படிக் கொண்டுவருவது? கஞ்சியில் கலர் கலந்து அடிப்பதை என் வகுப்பில் செய்ய முடியுமா?

காங்கேயம் பெரியவர்:

அம்மணி, ஒரு வார்த்தை. ஹனோயிலிருந்து அந்தப் பக்கம் போகிற வழியிலேயே ஸாவ் கோயில் வருகிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அச்சுமேசைத் தம்பி பல இடம் வேண்டாம் என்றது சரிதான், ஆனால் இது பாதையிலேயே இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

லுய் லாவ் என்ற பழைய நகரம் இருந்த இடம் அது. வியட்நாமில் பௌத்தம் முதலில் வேர்விட்ட ஊர் என்பார்கள். இந்தியாவிலிருந்து போன துறவி ஒருவர் அங்கே தங்கியதாகவும், மான் நுவோங் என்ற பெண்ணின் குழந்தையை ஒரு மரத்துக்குள் வைத்ததாகவும், பின்னால் புயலில் சாய்ந்த அந்த மரத்தில் நான்கு அம்மன்களைச் செதுக்கியதாகவும் கதை. மேகம், மழை, இடி, மின்னல் என்று நான்கு பேர். ஸாவில் இருப்பது மேகத்து அம்மன். கறுத்த மேனி, முகத்தில் அப்படி ஒரு சாந்தம். வினீதருசி என்ற இந்தியத் துறவி சீனா வழியாக 580ல் வந்து தங்கியதும் இங்கேதான்.

நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். மாரியம்மனுக்குப் பூச்சாட்டி மழையை எதிர்பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சன்னிதியில் நிற்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. 1073ல் மழை விடாமல் பெய்து கெடுத்தபோது, மழை நிற்க வேண்டி அரசர் இந்த அம்மனைத் தலைநகருக்கே எழுந்தருளச் செய்தார் என்று அவர்கள் வரலாற்றில் இருக்கிறது. கேட்டாலும் கொடுக்கும், போதும் என்றாலும் நிறுத்தும். உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள், புரிந்துகொண்டு கும்பிடுவார். முற்றத்தில் செங்கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. ஒன்பது அடுக்காக இருந்தது என்கிறார்கள், இப்போது மூன்றுதான்.

திருப்பூர் அச்சுமேசை:

அய்யா சொன்னது நியாயம், பாதையில் இருக்கிறதை விடக்கூடாது. அப்படியானால் டீச்சர், காலை ஏழுக்கே கிளம்பிவிடுங்கள். முதலில் ஸாவ், அப்புறம் புட் தாப், கடைசியில் டோங் ஹோ. மிச்சமாகிற நேரமெல்லாம் அச்சுக்கே சேரட்டும். ஒன்பதரைக்கு ஊருக்குள் போனால் பதினொன்றரை வரைக்கும் உட்காரலாம்.

பாப்பாவைக் கட்டாயம் அச்சடிக்க விடுவார்கள், அந்த வீடுகளில் வருகிறவர்களுக்குக் கட்டையைக் கையில் கொடுப்பது வழக்கம். கறுப்புக் கட்டையை மட்டும் கொடுத்தால், கலர் கட்டை ஒன்றும் வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று உட்கார வைப்பதில்தான் தொழிலே இருக்கிறது, அதை அவள் கையால் தெரிந்துகொள்ளட்டும்.

படங்களைக் கொண்டுவர பி.வி.சி. குழாய் ஒன்றை இங்கேயே வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள், இறுக்கினால் சிப்பிப் பூச்சு வெடிக்கும். நடுவில் வெள்ளைத் தாள் வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வீட்டில் மாட்டும்போது வெயில் படாத சுவராகப் பாருங்கள், பூவில் எடுத்த மஞ்சள் சீக்கிரம் வெளிறும்.

வகுப்பில் தாராளமாகச் செய்யலாம். பச்சரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி ஆறவிடுங்கள், கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற பதம் போதும். அதில் அடுப்புக்கரியை நன்றாக அரைத்துச் சலித்துக் கலந்தால் கறுப்பு, காவிக்கல் பொடி சிவப்பு, மஞ்சள்தூள் மஞ்சள். பிள்ளைகளுக்கு மரம் செதுக்குவது ஆபத்து, செருப்புக்கடையில் கிடைக்கிற ரப்பர் ஷீட்டை கத்தரியால் வெட்டிப் பலகைத் துண்டில் ஒட்டிவிடுங்கள். தேய்ப்பதற்குப் பீர்க்கங்காய் நார் ஊரிலேயே கிடைக்கும். கூழை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் புளித்து நாறும். கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் கெடாது என்று யாராவது சொல்வார்கள், பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் அது வேண்டாம்.