காசு இருக்கிறவனும் ஏன் கிராக் கேம் தேடுகிறான்?

பனங்காய்ப்பணியாரம்:
நேற்று மச்சானின் கொம்பியூட்டரைத் திருத்தப் போனேன். உள்ளே பதின்மூன்று கேம், அத்தனையும் கிராக், காசு கட்டாமல் விளையாடப் பூட்டுடைத்த களவுப் பதிப்பு. அன்ரிவைரஸை நிப்பாட்டி வைத்திருக்கிறான், ஏன் என்று கேட்டால் அது இருந்தால் கேம் ஏறாதாம். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தவனுக்கு கேமுக்கு நாலாயிரம் கொடுக்க மனம் இல்லை. இதற்கு யாராவது ஒரு நியாயம் சொல்லுங்கோ பார்ப்போம்.

கொக்குவில்_பெடியன்:
எந்தக் கேம் அண்ணை நாலாயிரம்? புதிதாக வருகிற பெரிய கேம் 70 டொலர், டொலரை 300 இலங்கை ரூபா என்று வைத்தாலே 21,000. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவில் நின்ற டொலர் மே மாதம் 360க்குப் போனதே, எங்கள் சம்பளமும் கூடவே ஏறினதா? கார்டு பிரான்ஸ் மாமா அனுப்பின காசில் வாங்கியதாக இருக்கும். கேமுக்குக் காசு கேட்டால் அதே மாமா போனை வைத்துவிடுவார்.

தட்டிவான்:
விலையை விடுங்கோ, காசு கட்டுகிற வழியைப் பாருங்கோ. போன வருடம் தள்ளுபடியில் ஒரு கேம் வாங்க டெபிட் கார்டைப் போட்டேன், ஏற்கவில்லை. வங்கிக்குப் போனால் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் தனிப் படிவமாம். நிரப்பிக் கொடுத்தேன், அடுத்த கிழமை வரச் சொன்னார்கள், போனேன், படிவத்தைக் காணவில்லை என்றார்கள். அதற்குள் தள்ளுபடி முடிந்தது. ஆளுக்காள் கோப்பைப் பகிர்ந்து இறக்குகிற டொரன்டில் அன்றிரவே இறங்கிவிட்டது. இணையத்தில் கேம் விற்கிற ஸ்டீம் கடையை நடத்துகிற வால்வ் தலைவர் கேப் நியூவெல்லே 2011இல் சொன்னார், களவு அநேகமாக எப்போதும் சேவைப் பிரச்சினை, விலைப் பிரச்சினை இல்லை என்று.

மாரித்தவளை:
கடைக்காரன் சொன்னதைக் கேட்டீர்கள், கேம் செய்தவன் பட்டதையும் கேளுங்கள். கிரீன்ஹார்ட் கேம்ஸ், இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சின்ன நிறுவனம். 2013இல், கேம் கொம்பனி ஒன்றை நடத்தி விளையாடுகிற கேம் டெவ் டைக்கூனை விற்பனைக்கு விட்ட கையோடு ஒரு கிராக் பதிப்பையும் தாங்களே டொரன்டில் போட்டார்கள். விலை 8 டொலர், களவைத் தடுக்கிற பூட்டு ஒன்றும் இல்லை. முதல் நாள் கணக்கில் வந்த 3,318 பேரில் வாங்கியவர்கள் 214. அந்தக் கிராக்கில் ஒரு சூது வைத்திருந்தார்கள்: விளையாட்டுக்குள் நீங்கள் நடத்துகிற கேம் கொம்பனி களவாலேயே வங்குரோத்தாகும். களவாக இறக்கியவர்களே வந்து, எல்லோரும் களவெடுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார்கள்! இதில் எங்கே சேவைப் பிரச்சினை?

கொக்குவில்_பெடியன்:
கிராக் இல்லாவிட்டால் மிச்சம் 3,104 பேரும் வாங்கியிருப்பார்களா என்ன? வாங்கினாலும் என்ன உறுதி? தி க்ரூ கேமின் சேர்வரை யூபிசொஃப்ட் 2024 மார்ச்சோடு நிப்பாட்டியது, காசு கொடுத்தவனும் விளையாட முடியாமல் போனது.

பழையசீடி:
தம்பிமாரே, 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதியைப் பூட்டினபோது எங்கள் ஒழுங்கைக்கே ஒரு வைஸ் சிட்டி கேம் சீடிதான். கீறல் விழுந்தால் பற்பசை பூசித் துடைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற ஊரில் ஒரிஜினல் சீடியை யார் கண்டது? கேமுக்குக் காசு கொடுப்பார்கள் என்பதே எனக்குக் கொழும்புக்குப் போன பிறகுதான் தெரியும். இப்போது நல்ல சம்பளம், வங்கிக் கார்டும் வேலை செய்கிறது, ஆனாலும் கை முதலில் டொரன்டைத்தான் தேடுகிறது. பழக்கம். நியாயம் என்று சொல்லவரவில்லை.

பனங்காய்ப்பணியாரம்:
நீங்களாவது ஒத்துக்கொண்டீர்கள் அண்ணை. ஸ்டார்டியூ வலி ஒரே ஒரு ஆள் வருடக்கணக்காக இருந்து செய்த கேம், 15 டொலர், நான் குத்துமதிப்பாக நாலாயிரம் என்றது அதைத்தான். அதையும் மச்சான் கிராக்கில் வைத்திருக்கிறான். பெரிய கொம்பனி, டொலர் என்ற கதை அங்கே எடுபடாது. காசே இல்லையென்றால் எபிக் என்ற இணையக் கடையில் கிழமைக்கொன்று சும்மாவே கொடுக்கிறார்களே.

தட்டிவான்:
அதையும் சொல்கிறேன். 2020 மே மாதம் எபிக் ஜிடிஏ 5 கேமைச் சும்மா கொடுத்தபோது நானும் எடுத்து வைத்தேன். கிட்டத்தட்ட 100 ஜிபி. என்னுடைய டேட்டாவுக்கு அது இறங்க மூன்று மாதம் வேண்டும். கடைசியில் சிநேகிதன் ஒருவன் ஹார்ட் டிஸ்கில் கிராக் கொண்டுவந்து தந்தான், அதைத்தான் விளையாடி முடித்தேன். ஒரிஜினல் இன்னும் கணக்கில் சும்மா கிடக்கிறது.

பனங்காய்ப்பணியாரம்:
அந்தச் சிநேகிதன் திருநெல்வேலியா? ஹார்ட் டிஸ்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததா?

தட்டிவான்:
ஓம். ஏன்?

பனங்காய்ப்பணியாரம்:
என்ர மச்சான்.