சீரியல் கன்சோலிடம் மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுடையது?

கருந்திரை:
வருடங்கள் ஆகிவிட்டன, இன்னும் உறுத்துகிறது. சன் கம்பெனியின் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 என்ற வொர்க்ஸ்டேஷன். கீபோர்ட், மானிட்டர் எதுவும் கிடையாது. சீரியல் ஏ போர்ட்டில் ஒரு பழைய டெர்மினல், வேகம் விநாடிக்கு 9600 பிட். மெஷினோடு பேசும் கன்சோல் அதுதான். மூன்று நாளாக ஒரு கணக்கீடு ஓடிக்கொண்டிருந்தது. டெர்மினல் எதற்கு வீணாக எரிய வேண்டும் என்று ராத்திரி அணைத்துவிட்டுப் போனேன். காலையில் போட்டால் வெறும் திரை. என்டரைத் தட்டினேன். ‘ஓகே’ என்று மட்டும் வந்தது.

சீரியல் டிரைவர் (அந்தப் போர்ட்டை இயக்கும் மென்பொருள்) செத்து, மெஷினும் விழுந்துவிட்டது என்று நினைத்து, முதலிலிருந்து கிளப்ப ‘பூட்’ அடித்தேன். மூன்று நாள் வேலை போச்சு. அப்புறம்தான் தெரிந்தது: டெர்மினலை அணைத்தபோது சிக்னல் கோடு ஆடியதை மெஷின் ‘பிரேக்’, அதாவது நிறுத்தச் சொல்லும் சிக்னல், என்று எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நிற்கும்போது ‘தொடர கோ என்று அடிக்கவும்’ என்று ஒரு வரியும் காட்டுமாம். காட்டியிருக்கிறது. நான் அணைத்து வைத்த திரையில்!

பழையபெட்டி:
எனக்கும் இதே. கீபோர்டைச் சுத்தம் செய்யப் பிடுங்கினேன், ஓடுகிற மெஷின் அப்படியே நின்றது. நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர் ‘கோ’ என்றார்.

மூன்றுகம்பி:
இதில் டிரைவர் மேல் பழி போட ஒன்றுமில்லை. ஒரு எழுத்து போக ஆகும் நேரத்தைவிட நீளமாகக் கோடு தாழ்ந்து கிடந்தால் அது பிரேக். டிரைவர் தன் வேலையைச் செய்தது. சன் மெஷின்களின் இயங்குதளமான சோலாரிஸில், 8-ம் பதிப்பு முதல், கீபோர்ட் அபார்ட் (மெஷினை எப்படி நிறுத்துவது என்ற) அமைப்பை ‘ஆல்டர்னேட்’ என்று மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு என்டர், டில்டே, கண்ட்ரோல்-பி என்று வரிசையாக அடித்தால்தான் மெஷின் நிற்கும். ஸ்விட்சை அணைத்தால் நிற்காது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொன்று. சில யுஎஸ்பி அடாப்டர்களில் பிரேக் போகவே போகாது. அப்போது வேகத்தை 300-க்கு இறக்கி ஒரு பூஜ்ய எழுத்தை (எல்லா பிட்டும் 0) அனுப்புங்கள். 9600-ல் கேட்டுக்கொண்டிருக்கும் மெஷினுக்கு அது நீளமான தாழ்வாகத் தெரியும், பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு மறக்காமல் 9600-க்கு ஏற்றுங்கள். கேபிள் நல்-மோடம் (குறுக்கே மாற்றிய) கேபிள்தானா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அனுப்பவும் வாங்கவும் உள்ள 2, 3 முள்கள் குறுக்கே மாறியிருக்க வேண்டும். என் கதை? ஒருமுறை நேர் கேபிளை வைத்துக்கொண்டு அரை நாள் டிரைவரைத் திட்டினேன். அவ்வளவுதான்.

கிளிப்:
கருந்திரை கேபிளைப் பற்றிக் கேட்கவே இல்லையே! சரி, கேபிள் என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. லினக்ஸ், பழைய வொர்க்ஸ்டேஷன், ஒன்பது முள் போர்ட். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) காட்டும் செய்திகள் எல்லாம் அழகாக ஓடும். லாகின் மட்டும் வராது. டிரைவர்தான் என்று மூன்று முறை கர்னலைக் கம்பைல் செய்தேன். கடைசியில் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து மெஷின் பக்கத்து முள் 1-ஐயும் 4-ஐயும் சேர்த்துத் தொட்டேன். தொட்ட அந்த நொடியில் லாகின் வந்து நின்றது! என் கேபிளில் மூன்று கம்பிதான். லாகின் கேட்கும் புரோகிராமான கெட்டி, மறுமுனை இணைந்திருக்கிறது என்று சொல்லும் கேரியர் சிக்னலுக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கர்னல் செய்திகள் அதற்குக் காத்திருப்பதில்லை. கெட்டிக்கு ‘-எல்’ (கேரியரைப் பார்க்காதே) கொடுத்திருந்தால் கிளிப்பே வேண்டாம்.

பழையபெட்டி:
@மூன்றுகம்பி, டிரைவர் எப்போதும் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. 38400-ல் கன்சோல், கூடவே டிஸ்க்கில் பெரிய நகல் என்றால் என் மெஷின் ‘சைலோ ஓவர்ஃப்ளோ’ (வந்த எழுத்துகள் நிரம்பி வழிந்தன) என்று கொட்டும். அதன் சீரியல் போர்ட் சிப்பான சைலாக் 8530-ல் வரும் எழுத்துகளுக்கு 3 பைட் இடம்தான், 16550ஏ என்ற இன்னொரு சிப்பில் 16. அந்த வேகத்தில் ஒரு மில்லிசெகண்ட் ஆவதற்குள் 3 பைட் நிரம்பிவிடும், அதற்குள் டிரைவர் வந்து அள்ளியாக வேண்டும். வரவில்லை. 9600-க்கு இறக்கினேன், சத்தம் நின்றது. சரிசெய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கருந்திரை:
ஆல்டர்னேட் எல்லாம் சரி, நான் ஓட்டியது சோலாரிஸ் 2.6. @பழையபெட்டி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் ‘கோ’ அடித்ததும் ஓடிக்கொண்டிருந்தது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்ததா?

பழையபெட்டி:
தொடர்ந்தது. கடிகாரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருந்தது.

கருந்திரை:
கேட்டிருக்கவே கூடாது.