மொறிஸ் மைனர் 1000: மிதித்துக்கொண்டு நிற்கும்போது பிறேக் பெடல் சில வேளைகளில் தாழ்ந்துபோகிறது

கேள்வி

யாழ்ப்பாணத்தில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்றை ஓட்டிவருகிறேன். 948 சிசி எஞ்சின். நான்கு சில்லுகளிலும் டிரம் பிறேக். சந்தியில் காரை நிறுத்திப் பெடலை மெதுவாக மிதித்தபடி காத்திருக்கும்போது, அது சிறிது சிறிதாகத் தாழ்ந்து தரைத் தகடு வரை போய்விடுகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் எதுவும் நடவாததுபோல் உறுதியாக நிற்கிறது. ஓடிவரும்போது அழுத்தி மிதித்தால் நன்றாகவே பிடிக்கிறது. சில நாட்களில் இந்தக் குறை தலைகாட்டுவதே இல்லை. பிறேக் ஒயில் மட்டம் குறையவில்லை, சில்லுகளின் உட்புறத்தில் ஈரமும் இல்லை. கராஜில் முன் சில்லுகளின் சிலிண்டர் றபர்களை மாற்றி, எயார் எடுத்து (ஒயில் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றி)க் கொடுத்தார்கள். சில நாட்களில் குறை திரும்பிவிட்டது. அடுத்த மாதம் குடும்பத்துடன் நுவரெலியா போய், றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்க எண்ணியிருக்கிறேன். எதிலிருந்து பரிசோதிக்கத் தொடங்குவது?

மறுமொழி 1

முதலில், காரை இப்போதே ஓட்டாமல் நிறுத்திவையுங்கள். மைனரில் நான்கு சில்லுகளுக்கும், பெடல் மிதியை ஒயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்ரர் சிலிண்டர் ஒன்றே, ஒயில் வழியும் ஒன்றே. இன்றைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறு பாதி பிடிக்கும். இதில் ஓரிடம் கைவிட்டால் நான்கும் ஒன்றாகக் கைவிடும். மிஞ்சுவது கேபிளால் பின் சில்லுகளை மட்டும் பிடிக்கும் கை பிறேக்தான். கராஜுக்குக்கூட இழுத்துக்கொண்டு போவதே சரி.

நீங்கள் எழுதிய அறிகுறிகளில் மிகவும் பெறுமதியானது, மெல்ல மிதித்தால் தாழ்கிறது, அழுத்தி மிதித்தால் நிற்கிறது என்பதுதான். மாஸ்ரர் சிலிண்டருக்குள் பிஸ்டனுக்கு முன்னால் ஒரு றபர் கப் இருக்கிறது. அழுத்தி மிதிக்கும்போது ஒயிலின் அழுத்தமே அந்தக் கப்பின் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். மெல்ல மிதிக்கும்போது அந்த விரிவு போதாது. கப் தேய்ந்திருந்தாலோ சுவர் அரிக்கப்பட்டிருந்தாலோ ஒயில் அதைத் தாண்டிப் பின்பக்கம் கசிந்துவிடும். அது வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே சுற்றுவதால்தான் மட்டமும் குறையவில்லை, ஈரமும் தெரியவில்லை. முன் சில்லுகளில் செய்த வேலை பலன் தராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஊகத்தில் பாகம் வாங்கவேண்டாம். காரை நிறுத்திவைத்து, பெடலை மெல்லிய, சீரான அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். தாழ்ந்தால், முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் ஒன்றுமாக உள்ள மூன்று றபர் ஹோஸ்களையும் அதற்கென உள்ள உருண்டை முனைக் கிளாம்பால் இறுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்போதும் தாழ்ந்து, இரும்புக் குழாய்களின் இணைப்புகளிலும் கசிவு இல்லையென்றால், குறை மாஸ்ரர் சிலிண்டரில்தான். தாழ்வது நின்றுவிட்டால், கிளாம்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும். பழைய ஹோஸ் கிளாம்பில் நசுங்கினால் உட்புறம் பிளக்கக்கூடும் என்பதால், வயதான ஹோஸ்களைச் சோதனை முடிந்ததும் மாற்றிவிடுவதே நல்லது.

மறுமொழி 2

மேலே சொன்ன சோதனையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் “பம்ப் பண்ணினால் சரியாகிறது” என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு குறைகள் அடங்கிவிடுவதால், அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். முதல் மிதியில் பெடல் ஆழம் போய், இரண்டாம் மிதியில் உயர்ந்து, பிடித்திருக்கும் வரை அசையாமல் நின்றால், அது கசிவு அல்ல. டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். மிதிக்கையில் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. பிடித்திருக்கும்போதே தாழ்ந்தால் மட்டுமே கசிவைத் தேடவேண்டும்.

மலைப்பயணம் போக இருப்பதால் வெப்பத்தையும் கவனியுங்கள். பெடலை விட்டதும் ஒயில் திரும்புவதற்கு மாஸ்ரர் சிலிண்டரில் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. அழுக்காலோ, தவறான எண்ணெய் பட்டு வீங்கிய றபராலோ அது அடைபட்டால், ஷூக்கள் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும்; டிரம் சூடேறும்; ஒயில் கொதித்து ஆவியாகும்; பெடல் வெறுமையாகப் போகும். ஆறிய பின்னர் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், கராஜில் எந்தக் குறையும் அகப்படாது. பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சுவதும் இதைத் தூண்டும். டொட் 4 என்ற தரத்துப் பிறேக் ஒயிலுக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ்; ஈரம் ஏறிய நிலையில் 155 பாகை மட்டுமே. ஆகவே ஓடி நிறுத்தியதும் நான்கு டிரம்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

சில்லுச் சிலிண்டர்களின் தூசு றபரைத் தூக்கிப் பாருங்கள். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஒயில் தேங்கி நிற்கக்கூடும். பின்பக்கத்தில் ஈரம் கண்டால், ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். பிறேக் ஒயில் கரைந்துவிடும். அக்சில் ஒயில் மிதக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காரை நிறுத்திவைத்தே சோதித்தேன். மெல்ல மிதித்தபோது பெடல் தாழ்ந்தது. மூன்று ஹோஸ்களையும் இறுக்கிய பின்னரும் தாழ்ந்தது. இணைப்புகள் எல்லாம் காய்ந்தே இருந்தன. சாரதியின் காலடி விரிப்புக்குக் கீழுள்ள மூடியைத் திறந்து மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றினேன். போல்ற்றுகளை வெளியே இழுக்க, முன் சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக வேலைசெய்யும் நீண்ட கம்பியான டோர்ஷன் பார் குறுக்கே நின்றதால், அதுவே பெரிய வேலையாகிவிட்டது. உட்சுவரின் அடிப்பகுதியில் துருக்குழிகள் இருக்கின்றன. கப்பின் விளிம்பும் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. றபர் கிட் மட்டும் போட்டால் போதுமா?

மறுமொழி 1

போதாது. ஈரம் அடியில் தங்குவதால் குழிகள் அங்கேதான் விழும். அவை புதுக் கப்பையும் கிழித்துவிடும். சிலிண்டரைப் புதிதாக வாங்குங்கள், அல்லது துருப்பிடிக்காத எஃகில் உட்குழல் போடுவியுங்கள். போல்ற்றுகளை எதிர்ப் பக்கத்திலிருந்து செருகிப் பூட்டினால் அடுத்த முறை டோர்ஷன் பாரைத் தொடாமலே கழற்றலாம்.

பூட்டியதும், பெடல் தள்ளும் தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன துளை மூடியே இருக்கும். மாஸ்ரர் சிலிண்டரில் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வைத்து இன்னொருவரைப் பெடலை மெல்ல மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். மிதியின் தொடக்கத்தில் ஒயில் சிறிதாகக் கிளம்பினால் துளை திறந்திருக்கிறது. கண்ணில் தெறிக்காமல் தள்ளி நின்று பாருங்கள். ஷூக்களைச் சரிசெய்து எயார் எடுத்த பின்னர், அதே ஒரு நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பின்னர் சில வாரங்கள் ஊருக்குள் ஓட்டி, பெடல் ஒருமுறைகூடத் தாழவில்லையென்றால் மட்டும் நுவரெலியாவுக்குப் புறப்படுங்கள். றம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரை விட்டு மாறவேண்டாம்.