பிறபொருளெதிரி நொதியத்தை நிறுத்தினால், அது உயிர்ப்பு மையத்தில்தான் அமர்ந்ததா?

கேள்வி (உயிரியல் ஆசிரியை, கிளிநொச்சி)

வணக்கம். உயர்தர வகுப்பில் நொதிய நிரோதிகளை, அதாவது நொதியத்தின் வேலையைத் தடுப்பவற்றை, கற்பித்தபோது, இன்புளுவென்சா வைரசின் நியூராமினிடேசு எனும் நொதியத்தைப் பிறபொருளெதிரிகள் தடுக்கின்றன என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி, அப்படியானால் அவை நொதியம் வேலை செய்யும் இடமான உயிர்ப்பு மையத்தில்தான் பிணைந்திருக்க வேண்டுமா என்று கேட்டாள். நல்ல கேள்வியாதலால் அரைகுறை விடை சொல்ல மனம் வரவில்லை. இதை ஆய்வுகூடத்தில் எவ்வாறு பிரித்தறிகிறார்கள்?

பதில் 1 (ஆய்வுகூட உத்தியோகத்தர், வவுனியா)

ஆசிரியை அவர்களுக்கு, பிணைந்திருக்க வேண்டியதில்லை. நியூராமினிடேசின் வேலை, கலமேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலிருந்து சயாலிக் அமிலத்தை வெட்டி, புதிய வைரசுத் துணிக்கைகளை விடுவிப்பதாகும். அதன் உயிர்ப்பு மையம் ஆழமான ஒரு குழி. பிறபொருளெதிரியோ ஏறத்தாழ 150,000 டால்டன் திணிவுள்ள பெரிய புரதம். அது குழியின் விளிம்பில் அமர்ந்தாலே போதும், பெரிய கீழ்ப்படை (நொதியம் வெட்டும் பொருள்) உள்ளே நெருங்க முடியாது. குளத்துத் துருசின் வாயில் முட்கட்டை அடைத்தால் நீர் போகும், மரக்குற்றி போகாது. அதைப் போன்றதே இது.

ஆகவே ஒரே நொதியத்துக்கு இரண்டு கீழ்ப்படைகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒன்று பெற்றுயின் என்னும் சர்க்கரை கோத்த பெரும் புரதம்; மற்றையது வெட்டுப்பட்டதும் ஒளிரும் சிறு மூலக்கூறு. பெற்றுயின் மட்டும் வெட்டுப்படாமலிருந்தால், தடை வழிமறிப்பினால் வந்தது என்று கொள்வது நியாயமானது. இரண்டுமே நின்றுபோனால், பிறபொருளெதிரியின் ஒரு பகுதி குழிக்குள் இறங்கியிருக்கலாம். அல்லது நொதியத்தின் வடிவமே மாறியிருக்கலாம்.

பலர் கவனியாமல் விடுவது வேறொன்று. விற்பனைக்கு வரும் பல பிறபொருளெதிரிக் குப்பிகளில், பழுதாகாமலிருக்கச் சோடியம் ஏசைட்டு கலந்திருக்கும்; அதுவே சோதனையைக் குழப்பக்கூடும். அதே கரைசலைப் பிறபொருளெதிரியின்றியும், வேறொரு தொடர்பற்ற பிறபொருளெதிரியுடனும் சோதிக்காத முடிவை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 2 (பட்டதாரி மாணவன், சொந்த இடம் முல்லைத்தீவு)

ரீச்சர், அண்ணா சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். நம் வளவுப் பப்பாசிக்காயின் பாலிலுள்ள பப்பேயின் என்னும் நொதியத்தால் பிறபொருளெதிரியை வெட்டலாம் என்று ரொட்னி போர்ட்டர் 1959இல் காட்டினார். அவ்வாறு கிடைக்கும் பிணைக்கும் துண்டு ஏறத்தாழ 50,000 டால்டன்தான். முழு மூலக்கூறு தடுத்து, துண்டு தடுக்காவிட்டால், பருமனே காரணம் என்ற ஐயம் வலுக்கும். ஆனால் இரு கைகளாலும் பற்றும் வலிமை துண்டுக்கு இல்லாததையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

பிணைந்த இடத்தை அறிய இன்னொரு வழி, பிறபொருளெதிரியின் முன்னிலையில் வைரசை வளர்த்து, தப்பிப் பிழைப்பவற்றின் மரபணுவை வாசிப்பது. மாறிய அமினோ அமிலம் எதுவோ, அதுவே பிணைப்பிடத்தைச் சுட்டும். 1983இல் கோல்மன் குழுவினர் நியூராமினிடேசின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்ட பின், அத்தகைய மாற்றங்கள் குழியைச் சுற்றிய விளிம்பில் இருப்பதைக் காண முடிந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கீழ்ப்படையின் செறிவைக் கூட்டிப் போட்டி நிரோதியா (கீழ்ப்படையோடு அதே இடத்துக்குப் போட்டியிடுவதா) என்று பார்த்தால் போதாதா?

பதில் 1

போதாது. இறுகப் பிணையும் பிறபொருளெதிரி மிக மெதுவாகவே விலகும். எனவே அது உயிர்ப்பு மையத்தையே மூடியிருந்தாலும், கீழ்ப்படையைக் கூட்டுவதால் வேகம் மீளாமல், வரைபு போட்டியற்ற நிரோதியைப் போலத் தோன்றக்கூடும்.