மறு: பல கோப்புகளுக்கு ஒரே ஓட்டத்தில் கையொப்பமிடல் – என்ன பெயர்?

வணக்கம். மென்பொருள் கோப்பு யாரிடமிருந்து வந்தது, இடையில் மாறவில்லை என்று காட்ட இடும் மின்கையொப்பம்தான் கோட் சைனிங். ஒரே கட்டளையில் பல கோப்புகளுக்கு அதை இடுவது பேட்ச் சைனிங். இதற்குத் தமிழில் தொகுப்பொப்பம், அடுக்கொப்பம், நிரல்முத்திரை என்ற பெயர்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன.

> 'தொகுப்பொப்பம்' என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் பொருள் மாறிவிடுகிறது. தொகுப்பொப்பம் என்றதும், கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டி அதன்மேல் ஓர் ஒப்பம் வைப்பதாகத்தான் தோன்றும். நடப்பது அதுவல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஹேஷ் (உள்ளடக்கத்தின் சுருக்கக் குறி) கணக்கிட்டு, அதைத் தனிச்சாவியால் (நம்மிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி) ஒப்பமிட்டு, நாம் யாரென்று காட்டும் சான்றிதழோடு அந்தக் கோப்பிலேயே பதிக்கிறோம். நாற்பது கோப்பு என்றால் நாற்பது ஒப்பம். கட்டளை மட்டும்தான் ஒன்று.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குழுவின் உதவிப் பக்கத்தில் இந்தச் சொல்லை எழுதியதே நான்தான். புதிதாக வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு நிறுவிக்கு (மென்பொருளைக் கணினியில் நிறுவும் கோப்பு) மட்டும் ஒப்பமிட்டார். உள்ளே இருந்த டிஎல்எல் என்னும் துணை நிரல் கோப்புகள் எல்லாம் ஒப்பமில்லாமலே வெளியே போயின. நிறுவியின் ஒப்பம் நிறுவியோடு சரி, உள்ளிருக்கும் கோப்புகளுக்கு அது ஒட்டாது. முதலில் உள்கோப்புகள், பிறகு அவற்றை வைத்து நிறுவியைக் கட்டி, கடைசியில் அதற்கும் ஓர் ஒப்பம். இந்த வரிசை அந்தச் சொல்லில் எங்கே தெரிகிறது?

'அடுக்கொப்பம்' நல்ல சொல். ஆனால் அதை வேறொன்றுக்கு வைத்திருக்க வேண்டும். பழைய விண்டோஸுக்காக ஒரே கோப்பில் ஷா-1 என்ற பழைய ஹேஷ் முறையில் ஓர் ஒப்பமும், அதன்மேல் ஷா-256 என்ற புதிய முறையில் ஓர் ஒப்பமும் முன்பு வைத்தோமே, அதுதான் அடுக்கு. 'நிரல்முத்திரை' வேண்டாம். நேரமுத்திரை (ஒப்பமிட்ட நேரத்துக்கான சான்று) என்ற சொல் ஏற்கெனவே இதே வேலையில் இருக்கிறது. சான்றிதழ் காலாவதியான பிறகும் ஒப்பம் செல்லுவதற்குக் காரணமே அதுதான். இரண்டு முத்திரை ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் திணறுவார்.

என் பரிந்துரை: நிரையொப்பம். கோட் சைனிங் நிரலொப்பம் என்றால், பேட்ச் சைனிங் நிரையொப்பம். நிரைநிரையாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்பம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. வினையும் இயல்பாக வருகிறது: நிரையொப்பமிடு, நிரையொப்பமிட்ட கோப்புகள்.

'தானியங்கு' என்பதைப் பெயருக்குள் நுழைக்க வேண்டியதில்லை. 2023 ஜூன் முதல், பொது நம்பிக்கை பெற்ற (இயங்குதளங்கள் தாமாகவே ஏற்கும்) நிரலொப்பச் சான்றிதழ்களின் தனிச்சாவி பாதுகாப்பான வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். சாவி இருக்கும் யுஎஸ்பி டோக்கன் ஒவ்வொரு கோப்புக்கும் பின் எண் (PIN) கேட்கும்படி அமைந்திருந்தால், கட்டளை ஒன்றே ஆனாலும் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். அதுவும் நிரையொப்பம்தான், தானியங்கு அல்ல. ஆள் இல்லாமல் ஓடும்போது மட்டும் 'தானியங்கு நிரையொப்பம்' என்போம்.

ஒரு தடை உண்டு. பள்ளிக் கணக்கில் அணிகள் படித்தவர்களுக்கு நிரை என்றால் கிடைவரிசை, நிரல் என்றால் செங்குத்து வரிசை. பேச்சில் நிரலொப்பமும் நிரையொப்பமும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவும் ஒலிக்கும். இதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். தொகுப்பொப்பத்தை மட்டும் விட்டுவிடுவோம்.