குஞ்சிலேயே சேவலா பொட்டையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? அனுபவம் சொல்லுங்க

திண்டுக்கல் பக்கம் இருக்கேன். சிறுவிடை (சின்ன ஜாதி நாட்டுக்கோழி) அடையில பொரிச்ச குஞ்சுங்க ரெண்டு மாசத்தைத் தாண்டிடுச்சு. ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் தலையில பூ (கொண்டை) செவந்திருக்கு. பக்கத்து வீட்டு அக்கா பொட்டையா ஒரு ஜோடி கேக்குறாங்க. எதைப் பிடிச்சுக் கொடுக்கிறது?

—

ஒரே அடையில பொரிச்சதுங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா பூ ஓரளவு காட்டிக் கொடுக்கும். 6–8 வாரத்துலயே சேவக்குஞ்சுக்குப் பூ தடிச்சுச் செவக்கும், தாடியும் இறங்கும். பொட்டைக்கு முட்டைக்கு வர்ற சமயம் வரைக்கும் வெளிறிப்போய்த்தான் இருக்கும். ஆனா எங்க வீட்டுல இருக்கிறது பெருவிடை, பெரிய ஜாதி நாட்டுக்கோழி. அதுக்குப் பூவே அமுங்கிச் சின்னதா இருக்கும், அதை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது.

நான் நம்புறது இறகைத்தான். மூணு மாசம் நெருங்கட்டும். பொழுது சாஞ்சு பஞ்சாரத்துல அடைக்கிற நேரமாப் பிடிச்சு, முதுகு முடிஞ்சு வால் ஆரம்பிக்கிற இடத்துல இறகை விலக்கிப் பாருங்க. குஞ்சுப் பருவத்து மங்கின இறகுக்கு நடுவுல, குருத்து உரிஞ்சும் உரியாமலும் புதுசா ஒண்ணு ரெண்டு எட்டிப் பார்க்கும். நுனி கூர்மையா, ஒடுக்கமா, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கினா சேவல். நுனி உருண்டையா இருந்தா பொட்டை. கழுத்துலயும் இதே கதைதான், ஆனா இடுப்புல தெரியுற அளவுக்குப் பளிச்சுன்னு தெரியாது. அக்காவை இன்னும் ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுங்க.

—

கடக்நாத்னு சொல்ற கருங்கோழி வச்சிருக்கேன். பூவே கருப்பு, செவப்பைத் தேடி எங்க போறது? எனக்கும் இறகுதான் வழி.

எங்க மாமியார் இதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பொட்டைன்னு பொறுக்கிப் பொறுக்கித்தான் அடை வைப்பாங்க. கோழியில சேவலா பொட்டையான்னு தீர்மானிக்கிறது தாய்க்கோழியோட கருமுட்டை; அது முடிவான பிறகுதான் மேல ஓடே கட்டுது. இதைச் சொன்னா, "நீ எத்தனை அடை வச்சிருக்க?"ன்னு ஒரே கேள்வி. பொறுக்கி வச்ச முட்டையில வந்ததுலயும் பாதிக்குப் பாதி சேவல்தான்.

—

நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்துல வேலை பார்த்தவன். அங்க பொரிச்ச அன்னிக்கே பிரிச்சிடுவோம். றெக்கையை விரிச்சா ரெண்டு வரிசை முளை தெரியும். கீழ்வரிசை நீண்டு மேல்வரிசை குட்டையா இருந்தா பொட்டை. ரெண்டும் சமமா இருந்தாலோ, மேல்வரிசை நீண்டிருந்தாலோ சேவல். ஆனா இது, அதுக்குன்னே தாய் தகப்பன் பார்த்துச் சேர்த்த ரகத்துல மட்டும்தான் பலிக்கும், அதுவும் ஓரிரு நாளுக்குள்ள. நாட்டுக்குஞ்சு றெக்கையை விரிச்சு ஜோசியம் சொல்றவங்களை நம்பாதீங்க. குதத்தைப் பிதுக்கிப் பார்க்கிற முறை 1920-கள்ல ஜப்பான்ல வந்தது. பழகாத கை செஞ்சா குஞ்சுக்கு உள்ள அடிபட்டுச் செத்துடும், வீட்டுல வேண்டவே வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டுலயும் சந்தையிலயும் பச்சை, ரோஸ்னு சாயம் போட்டு விக்கிறாங்களே, அது பெரும்பாலும் இப்படிக் கழிச்சுவிட்ட வெள்ளை லெகார்ன்ங்கிற முட்டை ரகத்துச் சேவலுங்கதான். முட்டைக்குன்னு கேட்டுப் பாருங்க, "எல்லாம் பொட்டைதான் சார்"னு அடிச்சுச் சொல்வாங்க.